சுவருக்கேற்ற படமா, கண்ணுக்கேற்ற படமா?

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. உடலைப் பேணிக்கொள்ளச் சொல்லும் அறிவுரையாகவே பள்ளிப் பருவம் முதல் இதைக் கேட்டு வருகிறோம். ஆனால் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கொண்டால் ஒரு வினா எழுகிறது. சுவர் இருக்கிறது, சித்திரமும் இருக்கிறது. எவ்வளவு பெரிய சுவருக்கு எவ்வளவு பெரிய சித்திரம்? பழமொழி இதற்கு விடை கூறவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து, கையில் படத்தையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்த வினா வரத்தான் செய்கிறது.

என் தாய்மாமன் நெல்லையில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறார். கல்லூரி விட்டபின் மாலை நேரங்களில் நான் அங்கே கண்ணாடி துடைப்பது, ஹார்டுபோர்டு அறுப்பது, ஆணி அடிப்பது போன்ற வேலைகளைச் செய்து வருகிறேன். கடைக்கு வருவோர் பெரும்பாலும் ஒரே வகையாகத்தான் கேட்பார்கள். "சுவரு பத்தடி இருக்கு. எம்புட்டுப் பெரிய படம் போடலாம்?" சுவரின் நீளத்தைச் சொல்கிறார்கள், உயரத்தையும் சொல்கிறார்கள். அந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. படத்தின் அளவைத் தீர்மானிப்பது சுவரன்று, பார்ப்பவரின் கண்தான் என்பது மூன்றாண்டுப் பிரேம் கடை அனுபவமும் நம் துறையில் படித்த ஒளியியலும் சேர்ந்து எனக்குக் கற்றுத் தந்த பாடம். அதைத்தான் இங்கே விளக்க முற்படுகிறேன்.

ஒரு பொருள் பெரிதாகத் தெரிவதும் சிறிதாகத் தெரிவதும் அதன் உண்மை அளவை மட்டும் பொறுத்ததன்று. அது நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தைப் பொறுத்தது. நிலவின் குறுக்களவு ஏறக்குறைய 3,475 கிலோமீட்டர். ஆயினும் அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் அரைப் பாகைதான். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் முழு நிலவும் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். வானத்தைப் பார்ப்பவர்கள் கையையே கோணமானியாகப் பயன்படுத்துவார்கள். நீட்டிய கையின் சுண்டுவிரல் ஏறக்குறைய 1 பாகை. மூடிய முஷ்டி 10 பாகை. விரித்த கையில் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 20 பாகை. குழந்தையின் முஷ்டி சிறிது. ஆனால் அதன் கையின் நீளமும் குறைவு. ஆகவே இந்தக் கணக்கு ஏறத்தாழ எல்லோருக்கும் பொருந்தும்.

இதையே வீட்டுச் சுவருக்குக் கொண்டு வரலாம். வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, படம் வர வேண்டிய இடத்தை நோக்கிக் கையை நீட்டுங்கள். ஒரு முஷ்டி அகலத்துக்குக் குறைந்த படம் அங்கே தனியாக மாட்டினால் எடுபடாது. ஒரு சாண் விரிப்புக்கு மேற்பட்ட படம் உங்களை விரட்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதே தகுந்த அளவு. 10 அடி தொலைவில் இது ஏறக்குறைய 21 அங்குலம் முதல் 42 அங்குலம் வரை வரும். 6 அடியில் 13 முதல் 25 அங்குலம். 3 அடியில் வெறும் 6 முதல் 13 அங்குலம். இந்தக் கணக்கில் சுவரின் நீளம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மோனலிசா ஓவியத்தின் அளவு 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமுந்தான். நம் ஊரில் திருமணப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுகிறோமே, ஏறத்தாழ அந்த அளவு. தடுப்புக்கு இப்பால் கூட்டத்தில் நின்று எட்டிப் பார்ப்பவர்களில் பலர், 'இவ்வளவு சின்னதா?' என்று வியக்கிறார்களாம். ஓவியத்தின் மேல் குற்றமில்லை. ஓர் அறையில் நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டிய முகத்தை, பெருங்கூடத்தில் பலபேர் தலைக்கு மேலாகப் பார்த்தால் வேறு எப்படித் தோன்றும்?

உள் அலங்காரம் செய்பவர்கள் வேறொரு கணக்குச் சொல்வார்கள். சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு படத்தின் அகலமாக இருக்க வேண்டும். சோபாவின் முதுகுக்கு மேலே ஆறு முதல் எட்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும். 6 அடி சோபாவுக்கு 4 அடிப் படம். கணக்கு தவறன்று. ஆனால் சுவரில் சோபாவும் படமும் தவிர வேறெதுவும் இல்லாத வீட்டுக்கு அது பொருந்தும். நம் வீட்டுச் சுவரிலோ மின்சாரப் பெட்டி, சுவிட்சுப் பலகை, கடிகாரம், நாட்காட்டி, தொலைக்காட்சி, சட்டை மாட்டும் ஆணி ஆகிய யாவும் இருக்கின்றன. அவை போக எஞ்சிய இடந்தான் நமக்குச் சுவர். அதிலும் தொலைக்காட்சி ஒரு பெரிய போட்டியாளர். 43 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் மட்டும் 37 அங்குலம். அதன் பக்கத்தில் 12க்கு 15 படத்தை மாட்டுவது தேருக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்துவது போல. படத்தை வேறு சுவருக்கு மாற்றிவிடுவதே நல்லது.

நம் வீடுகளில் கண்ணின் கணக்கறிந்து செய்யப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அதுதான் தினசரி நாட்காட்டி. தேதியின் எண்ணை இரண்டங்குல உயரத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்துவிடலாம். இராகு காலமும் எமகண்டமும் பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு அருகில் போக வேண்டும். தொலைவில் இருப்பவருக்கு ஒன்று, அருகில் வருபவருக்கு மற்றொன்று என்று ஒரே தாளில் இரண்டு அளவுகளை வைத்த சிவகாசி அச்சுக்காரர்களை நான் வியக்கிறேன்.

அந்த நாட்காட்டிப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் தெய்வப் படங்கள் அச்சுத் தாளில் எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தன. நம் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வ உருவங்கள் நாட்காட்டிகளின் வழியே தமிழகமெங்கும் பரவின. நேர் நோக்கிய முகம், விரிந்த கண்கள், அழுத்தமான வண்ணம் ஆகிய இவை ஓவியரின் பக்தியையும் அழகுணர்ச்சியையும் காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மங்கலான வெளிச்சத்தில், பத்தடி தள்ளி, தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் முருகன் முகம் தெரிய வேண்டுமல்லவா? தெரிகிறது. சிறிய தாளில் பெரிய முகத்தை வைத்ததே அதன் சூட்சுமம்.

இனி உயரத்துக்கு வருவோம். அளவையும் உயரத்தையும் பிரித்துப் பேச முடியாது. நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4¾ முதல் 5 அடி உயரத்தில் இருக்கும். அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இந்த உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் 3¾ அடியில் இருக்கும். தரையில் உட்கார்ந்தவரின் கண் 2½ அடியில். நம் பழைய வீடுகளில் வாழ்க்கை முழுவதும் தரையில்தான் நடந்தது. உண்டதும் உறங்கியதும் பேசியதும் பாயில்தான். அப்படியானால் படங்கள் தாழ்வாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆனால் நெல்லைப் பக்கத்து வீடுகளின் தார்சாவிலும் பட்டாசலிலும் போய்ப் பாருங்கள். நிலைக்கு மேலே, ஏழெட்டு அடி உயரத்தில், வரிசையாக முன்னோக்கிச் சாய்ந்தபடி படங்கள் தொங்கும். கீழ்விளிம்பு இரண்டு ஆணிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். மேல்விளிம்பைக் கயிறு பிடித்திருக்கும். பின்னே உள்ள இடைவெளியில் சிட்டுக்குருவி கூடு கட்டும்.

அந்தச் சாய்வை அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது முழுக்க முழுக்க ஒளியியல். தரையில் உட்கார்ந்தவரின் கண் 2½ அடியில். படத்தின் நடு 7½ அடியில். இடையே உள்ள தொலைவு 8 அடி என்று கொள்வோம். அவர் ஏறக்குறைய 32 பாகை அண்ணாந்து பார்க்கிறார். படம் சுவரோடு ஒட்டி நேராக இருந்தால், அதன் கண்ணாடி ஒரு நிலைக்கண்ணாடி போல 32 பாகை மேல்நோக்கி உள்ளதைப் பிரதிபலிக்கும். முற்றம் வைத்த வீட்டில் மேல்நோக்கி இருப்பது என்ன? வானம்! பார்ப்பவருக்குப் படம் தெரியாது, வெளிச்சந்தான் தெரியும். படத்தை 16 பாகை முன்னே சாய்த்தால் பிரதிபலிப்பு நேர் எதிர்ச்சுவருக்கு இறங்கிவிடும். இன்னும் சற்றுச் சாய்த்தால் எதிர்ச்சுவரின் கீழ்ப்பகுதிக்கு வந்துவிடும். அது நிழலான இடம். ஆகவே படம் தெளிவாகத் தெரியும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமலே தச்சர்கள் கயிற்றின் நீளத்தை அறிந்திருந்தார்கள்.

இன்று நாம் கயிற்றை விட்டுவிட்டோம், கொக்கி வந்துவிட்டது. படம் சுவரோடு ஒட்டி நிற்கிறது. ஆனால் உயரத்தை மட்டும் விடவில்லை. பழைய உயரமும் புதிய கொக்கியும் சேர்ந்ததால் வந்த தொல்லையை என் ஆச்சியின் வீட்டில் கண்டேன்.

தாத்தா 1991-இல் காலமானவர். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு புகைப்படம். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் பாஸ்போர்ட் அளவுப் படம் அது. 35 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர். அதை ஒரு ஸ்டுடியோவில் 12க்கு 15 ஆகப் பெரிதாக்கிப் பட்டாசலின் உள்நிலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். சென்ற ஆண்டு ஆச்சி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு ஆகிவிட்டார்கள். கட்டிலைப் பட்டாசலில்தான் போட்டோம். நிலைக்கும் கட்டிலுக்கும் எட்டடி. ஒருநாள் ஆச்சி என்னிடம், "ஏய்யா, தாத்தா படம் அங்ஙனதான இருக்கு? கண்ணாடிதான் மின்னுது, ஆளைக் காணோமே" என்றார்கள்.

ஆச்சிக்கு இரு கண்களிலும் புரை. மருத்துவர் பார்வையை 6/18 என்று எழுதியிருந்தார். அதாவது நல்ல கண் 18 மீட்டரில் காண்பதை ஆச்சி 6 மீட்டரில்தான் காண முடியும். பெரியப்பா உடனே, "அதையே மூணடி உசரத்துக்குப் பெருசாக்கிப் போட்டுருவோம். செலவை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நல்ல கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 8 அடித் தொலைவில் அது 0.7 மில்லிமீட்டர். ஆச்சியின் கண்ணுக்கு அது மும்மடங்கு. 2 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். மூன்றடிப் படமானாலும் அண்ணாந்து பார்க்கும் கோணமும் கண்ணாடியின் மின்னலும் அப்படியேதான் இருக்கும். அதே நேரத்தில் 12 அங்குல அகலப் படம் 8 அடியில் ஏற்படுத்தும் கோணத்தை, 4½ அங்குல அகலப் படம் 3 அடியிலேயே ஏற்படுத்திவிடும். 5க்கு 7 அளவுள்ள சிறிய படத்தைக் கட்டிலுக்கு மூன்றடியில் வைத்தால், எட்டடியில் உள்ள 12க்கு 15 படத்தைவிட அது பெரிய படம்! பெரிதாக்குவதும் அருகே கொண்டு வருவதும் கண்ணுக்கு ஒன்றுதான்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "செத்தவுக படத்தைக் கால்மாட்டுல வைக்கதா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாலை போட்டு உயரத்தில் வைப்பது மரியாதை. உயரத்தைக் குறைப்பது மரியாதையைக் குறைப்பதாக நம்மவர் கருதுவர். ஆகவே மேலே இருந்த படத்தை அப்படியே விட்டுவிட்டோம். ஆச்சி வலப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார்கள். அந்தப் பக்கத்துச் சுவரில், கட்டிலுக்கு மேலே, தலைமாட்டை ஒட்டி, கண்ணாடி இல்லாமல், மினுக்கமற்ற தாளில் அச்சிட்ட 5க்கு 7 படத்தை மாட்டினோம்.

ஆச்சி வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, "கன்னத்து மச்சம் எங்க?" என்று கேட்டார்கள். முன்பு படத்தைப் பெரிதாக்கியவர் அழுக்கென்று எண்ணி அதைத் துடைத்திருக்கிறார்! அந்தப் பெரிய படத்திலிருந்துதான் நாங்கள் சிறிய படத்தை எடுத்திருந்தோம். எட்டடி உயரத்தில் அத்தனை ஆண்டுகள் தொங்கியும் மச்சம் இல்லாததை வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. பெட்டியைத் தேடிப் பழைய பாஸ்போர்ட் படத்தை எடுத்து, ஸ்கேன் செய்து, எதையும் துடைக்காமல் மறுபடியும் 5க்கு 7 அச்சிட்டோம். மச்சம் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் வந்தது. மூன்றடியில் ஆச்சியின் கண்ணுக்கு அது போதும்.

படங்களைப் பெரிதாக்குவது பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் விளக்கிவிடுகிறேன். கடைக்கு வருவோரில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். கைப்பேசியில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்று அச்சிட்டால் 26 அங்குலத்துக்கு 20 அங்குலம் வரை தாராளமாகப் போகலாம். அதே படம் வாட்ஸப்பில் சுருங்கி 1600க்கு 1200 ஆக வந்தால் 10க்கு 8 அங்குலத்தோடு நின்றுவிட வேண்டும். ஆனால் இதுவும் தொலைவைப் பொறுத்ததே. அங்குலத்துக்கு 70 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி 0.36 மில்லிமீட்டர். எட்டடியில் எந்தக் கண்ணும் அதைப் பிரித்தறியாது. அருகே போனால் முகம் கலைந்துவிடும். ஆகவே சுமாரான படத்தைப் பெரிதாக்கித் தொலைவில் மாட்டலாம்; அதையே நடைபாதையில் மாட்டக் கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கலான முகத்தைக் கூர்மையாக்கித் தருகிறார்கள். முகம் பளிச்சென்றுதான் வருகிறது. ஆனால் இல்லாத விவரத்தை அந்தக் கருவி தானே ஊகித்து எழுதுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மீசையும் நெற்றியும் நம் தாத்தாவுடையவை, கண் யாருடையதோ!

கடையில் நான் கண்ட இன்னொரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. தந்தையின் படத்தைக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் தனியே உட்கார்ந்து எடுத்த படமாகக் கொண்டு வருகிறார்கள். தாயின் படம் என்று கொண்டு வருவதோ யாருடைய திருமணத்திலோ எடுத்த குழுப்படம். மூன்றாவது வரிசையில், ஒரு தோளுக்குப் பின்னால், கால் அங்குல முகம். "இதை அப்பா படத்துக்குச் சமமா ஆக்கித் தாங்க" என்கிறார்கள். கால் அங்குல முகத்தை எவ்வளவு நுட்பமாக ஸ்கேன் செய்தாலும் 150 புள்ளிகளுக்கு மேல் தேறாது. அதை ஆறங்குல முகமாக ஆக்கினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டர். அம்மாவின் முகம் சாக்குத் துணியில் அச்சடித்தது போல் ஆகிவிடும். இரண்டங்குல முகத்தோடு நிறுத்தினால் தெளிவாகவே இருக்கும்.

அப்படியானால் அம்மா படம் சிறிதாகவே இருந்துவிட வேண்டியதுதானா? இல்லை. மாமா ஒரு வழி வைத்திருக்கிறார். அம்மாவின் படத்தை 6க்கு 8 அளவில் அச்சிட்டு, அதைச் சுற்றிப் பக்கங்களில் மூன்றங்குலமும் மேலும் கீழும் மூன்றரை அங்குலமும் வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து, 12க்கு 15 பிரேமிலேயே போட்டுவிடுவார். சுவரில் இரண்டு பிரேம்களும் ஒரே அளவு. வெள்ளை நடுவே அமைந்த சிறிய முகத்தைத்தான் கண் முதலில் நாடும். பார்த்தவர்கள் அம்மா படம்தான் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிப் போவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தாயார் உயிரோடு இருக்கும் நண்பர்கள், அடுத்த முறை கைப்பேசியைத் தங்கள் பக்கம் திருப்புவதற்கு முன் அவர்களை வெளிச்சத்தில் உட்கார வைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துவிட்டால் என் மாமாவுக்கு வேலை குறையும்.

மற்ற அறைகளை விரைவாகப் பார்த்துவிடலாம். படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே பெரிய படம் மாட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. படுத்திருப்பவர் அதைப் பார்க்கவே முடியாது. அது வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் விருந்தாளிக்கான படம். படுத்தவரின் கண் படுவது கால்மாட்டுச் சுவரில். அங்கே எட்டடித் தொலைவிருந்தால் ஒன்றரை அடி முதல் மூன்றடிக்குள் ஒரு படம் போதும். பூசையறைக் கணக்கே வேறு. அங்கே நாம் இரண்டு மூன்றடியில் நிற்கிறோம் அல்லது உட்காருகிறோம். 8க்கு 10 படம் ஏராளம். ஆனால் கோவிலுக்குப் போனவிடத்திலெல்லாம் ஒரு படம் வாங்கி, பெரிதாக வாங்கினால் புண்ணியமும் பெரிது என்று எண்ணிவிடுகிறோம். தஞ்சாவூர் ஓவியம் மட்டும் விதிவிலக்கு. பலகையில் துணி ஒட்டிச் சுண்ணப்பூச்சின் மேல் தங்கத் தாளும் கற்களும் பதித்த அந்தப் படம் 12க்கு 15 ஆக இருந்தாலும் விளக்கொளியில் தன் அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். அடுக்களையில் படமே வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் புகையும் ஓராண்டில் அதைத் தின்றுவிடும்.

நடைபாதை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய சுற்றுப் பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுவரளவு பெரிய ஓவியங்கள் அவை. பின்வாங்கி முழுமையாகப் பார்க்க இடம் இல்லை. நடந்துகொண்டே பகுதி பகுதியாகத்தான் காண வேண்டும். கதை சொல்லும் ஓவியத்துக்கு அது பொருத்தமே. நம் வீட்டு நடைபாதையின் அகலமோ மூன்றடி அல்லது நாலடி. அங்கே ஒரே பெரிய இயற்கைக் காட்சியை மாட்டினால் மரத்தையும் காண முடியாது, மலையையும் காண முடியாது. அதைவிட ஆறேழு சிறிய குடும்பப் படங்களை நிற்பவரின் கண் உயரத்தில் வரிசையாக மாட்டலாம்.

கூடத்துக்குப் பெரிய படந்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அதன் எடையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. 2 அடிக்கு 3 அடிப் படத்தின் கண்ணாடி மட்டும் 2.8 கிலோ, பிரேமும் பலகையும் சேர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு ஆகலாம். கயிற்றில் தொங்கவிடுவோர் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் பலம் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு! கயிற்றின் இரு பாதிகளும் கிடைமட்டத்தோடு 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பாதியிலும் உள்ள இழுவிசை எடையில் 0.58 பங்குதான். 30 பாகையில் எடைக்குச் சமம். 10 பாகையில் எடையைப் போல ஏறக்குறைய மும்மடங்கு. முதலாண்டு இயக்கவியலில் இதைத் தேர்வுக்காகப் படித்த நாம், வீட்டில் மட்டும் கயிற்றை வீணைத் தந்தி போல முறுக்கிக் கட்டுகிறோம்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு மாமா ஒரு யோசனை சொல்வார். பழைய செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும்; தரையில் உட்காரும் பாட்டியும் கட்டிலில் படுத்திருப்பவரும் உட்பட. பெரிதென்று தோன்றினால் ஓரங்குலம் கத்தரிக்கலாம், சிறிதென்றால் இன்னொரு தாளைச் சேர்க்கலாம், இறக்கலாம், ஏற்றலாம். எல்லோருக்கும் சரியென்று பட்டபின் அந்தத் தாளையே கடைக்குக் கொண்டு வந்தால் அதே அளவில் பிரேம் போட்டுத் தருவோம். ஒட்டுவதற்குப் பசை மட்டும் வேண்டாம். பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வரும். நான்கு மூலைக்கும் நான்கு சோற்றுப் பருக்கை போதும்.